தையற்கடையா, கடற்கரையா: மாட் இளைஞர்களைப் பற்றி எதைப் படிப்பது, எதைப் பார்ப்பது

1960-களின் லண்டன் மாட் இளைஞர்களைப் பற்றி அறிய என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும், ‘குவாட்ரோஃபீனியா’ படத்தைப் பாருங்கள் என்ற பதில்தான் முதலில் வரும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஸ்கூட்டரில் வந்த கூட்டமும் மோட்டார் சைக்கிளில் வந்த கூட்டமும் ஒரு கடற்கரையில் அடித்துக்கொண்டன என்பது படம் முடிந்தபோது புரிந்ததே தவிர, அந்த இளைஞர்கள் தங்கள் சம்பளத்தை எதற்காகத் தையற்காரரிடம் கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்பது புரியவில்லை. பிற்பாடு நூல்களைப் படித்தபோதுதான் அதற்கு என் அறியாமை மட்டும் காரணமல்ல என்று தெரிந்தது. மாட் பற்றிய ஆக்கங்களில் சில கடற்கரையில் நின்று பேசுகின்றன, சில தையற்கடையில் நின்று பேசுகின்றன. இவற்றுள் எதை முதலில் கையில் எடுக்கிறோமோ அதற்கேற்ப நம் மனத்தில் பதியும் மாட் வேறொரு ஆளாகிவிடுகிறான். ஒரு படம், ஒரு நூல், அதற்கு மேல் நேரம் இல்லை என்று சொல்பவருக்கு எவற்றைக் கொடுக்கலாம் என்ற கேள்வியோடு, முக்கியமானவற்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

மாட் என்பது மாடர்னிஸ்ட் என்ற சொல்லின் சுருக்கம்; தமிழில் எழுதும்போது கால்நடை நினைவுக்கு வருவதைத் தவிர்க்க வழியில்லை. 1950-களின் பிற்பகுதியில், பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணி ஜாஸ் இசையின் ரசிகர்கள் தொளதொளத்த ஸ்வெட்டரும் தாடியுமாகத் திரிந்த லண்டனில், மைல்ஸ் டேவிஸ் போன்றோரின் நவீன ஜாஸைக் கேட்ட சிறு கூட்டம் ஒன்று இத்தாலிய வெட்டில் தைத்த கோட்டு சூட்டுக்கு மாறியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸும் சோலும், ஜமைக்காவின் ஸ்காவும் அந்த ஜாஸின் இடத்தைப் பிடித்தன. லண்டனின் சோஹோ பகுதியில் வார்டர் தெருவின் ஃபிளமிங்கோ, ஹாம் யார்டின் த சீன் ஆகிய கிளப்களில் விடியும்வரை ஆடுவதும், அதற்காக ‘பர்ப்பிள் ஹார்ட்ஸ்’ எனப்பட்ட ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகளை விழுங்குவதும் வழக்கமாயின. 1963 ஆகஸ்டில் தொடங்கிய ‘ரெடி ஸ்டெடி கோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தப் பாணியை நாடெங்கும் கொண்டு சென்றது. 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டனிலும், மே மாத விடுமுறையில் மார்கேட், பிரைட்டன் ஆகிய கடற்கரை ஊர்களிலும், தோல் ஜாக்கெட்டும் மோட்டார் சைக்கிளுமாகத் திரிந்த ராக்கர்களுடன் நடந்த மோதல்கள் செய்தித்தாள்களின் முதற்பக்கத்துக்கு வந்தன. 1966 வாக்கில் பெரும்பாலும் எல்லாம் கலைந்துவிட்டது. ஆக, மோதல் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில விடுமுறை நாட்கள். உடையும் ஆட்டமும் இசையும் ஏழெட்டு ஆண்டுகள். ஒரு படமோ நூலோ இந்த விகிதத்தை எப்படிக் கையாள்கிறது என்பதையே நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

‘குவாட்ரோஃபீனியா’ முதலில் 1973-இல் த ஹூ இசைக்குழு வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு. ஃபிராங்க் ராட்டம் இயக்கத்தில் அது 1979-இல் படமாயிற்று. ஃபில் டேனியல்ஸ் நடித்த ஜிம்மி ஒரு விளம்பர நிறுவனத்தில் தபால்களைச் சுமந்து திரியும் கடைநிலைப் பையன். வீட்டில் அவன் தொலைக்காட்சி முன் அமர்ந்து த ஹூ குழுவினர் பாடுவதை ஆவேசத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் இருக்கும் தந்தை அந்தக் கூச்சலைக் கேலி செய்யும் காட்சியில், பல ஆய்வு நூல்கள் பக்கம் பக்கமாக எழுதியது இரண்டே நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது. இன்னொரு காட்சி, பொதுக் குளியலறைக் கூடத்தில் நடப்பது. அடுத்தடுத்த தடுப்புகளில் குளிக்கும் இருவரில் ஒருவன் ஜீன் வின்சென்ட்டின் பழைய ராக் அண்ட் ரோல் பாட்டைக் கத்திப் பாடுகிறான்; ஜிம்மி அதை மிஞ்சும் குரலில் கின்க்ஸ் குழுவின் பாட்டை எடுக்கிறான். எரிச்சல் முற்றி எட்டிப் பார்த்தால், மறுபக்கம் இருப்பவன் பள்ளித் தோழன் கெவின். உடையில்லாமல் இருக்கும்வரை இருவரும் நண்பர்கள்தான். கெவின் தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்ட பிறகுதான் அவன் ராக்கர் என்பது ஜிம்மிக்கு உறைக்கிறது. பின்னொரு இரவில் ஜிம்மியின் கூட்டத்தார் ஒரு ராக்கரைத் துரத்தி அடிக்கிறார்கள். அடிபடுபவன் கெவின் என்று தெரிந்ததும் ஜிம்மி தடுக்காமல், சேராமல், ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். உடை ஒரு மனிதனை எந்த அளவுக்கு இன்னொருவனாக்கும் என்பதை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன காட்சி வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

குறைகளும் உண்டு. படம் 1964-ஐச் சொல்கிறது என்றாலும், ஜிம்மியின் லாம்பிரெட்டா ஸ்கூட்டரின் பதிவெண் எஃப் என்ற எழுத்தில் முடிகிறது. பிரிட்டனின் அன்றைய முறைப்படி அது 1967 ஆகஸ்டுக்குப் பிறகு பதிவான வண்டி. தொலைக்காட்சியில் த ஹூ பாடும் பாட்டு 1965-இல் வந்தது. பிரைட்டன் தெருக்காட்சியில் ஒரு திரையரங்கு 1978-இல் வெளியான படத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தகைய பிழைகளைத் தேடிப் பிடிப்பது ரசிகர்களின் பொழுதுபோக்கு. அதற்காக ஒரு படத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. படத்தின் மையம் பிரைட்டன் கடற்கரை. அதற்கு முன்னால் வருவதெல்லாம் அங்கே போய்ச் சேர்வதற்கான ஆயத்தமாகவே அமைந்துள்ளது. பார்ப்பவர் மனத்தில் தங்கும் உடை, அமெரிக்க ராணுவத்தின் நீண்ட பார்க்கா மேலங்கி. உண்மையில் அது ஸ்கூட்டரில் போகும்போது உள்ளே இருக்கும் விலையுயர்ந்த மொஹேர் (ஆட்டு ரோமத் துணி) கோட்டின் மேல் எண்ணெயும் புழுதியும் படாமல் காப்பதற்காகப் போட்டுக்கொள்ளும் உறை மட்டுமே. உறையை ஞாபகம் வைத்துக்கொண்டு உள்ளிருந்ததை மறந்துவிட்டோம் என்று சொல்லலாம்.

இசையிலும் இதே சிக்கல். படத்தைத் தூக்கி நிறுத்துவது த ஹூ 1973-இல் எழுதிய பெரும் ராக் இசை. அது மாட் காலத்தைத் திரும்பிப் பார்க்கும் இசையே ஒழிய, மாட் இளைஞன் அன்று கேட்ட இசை அல்ல. அவன் கேட்டது ஓரளவுக்கு விருந்துக் காட்சிகளின் பின்னணியில் ஒலிக்கிறது: ரோனெட்ஸ், பூக்கர் டி, ஜேம்ஸ் பிரவுன். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் ஸ்கா இசையும் அவர்கள் நடமாடிய கிளப்களும் இல்லாமல் மாட் இல்லை. படத்திலோ அந்தச் சமூகம் மாத்திரை விற்கும் ஃபெர்டி என்ற ஒரே பாத்திரமாகச் சுருங்கிவிடுகிறது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. நமக்கு ஸ்கூட்டர் என்றால் குடும்பஸ்தர். முன்னால் பிள்ளை நிற்க, பின்னால் மனைவி ஒருக்களித்து அமர, கால்களுக்கிடையே காய்கறிப் பை தொங்க, அலுவலகம் போகும் ஆள். லண்டன் பையனுக்கு அது இத்தாலியிலிருந்து வந்த நவநாகரிகப் பொருள். என்ஜின் தகட்டுக்குள் மறைந்திருப்பதால் கால்சட்டையில் கறை படாது என்பது அதன் தலையாய குணம். 1972-இல் லக்னோவில் தொடங்கிய அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா, இத்தாலியின் இன்னொசென்டி நிறுவனத்திடமிருந்து லாம்பிரெட்டா தயாரிப்பு இயந்திரங்களையே வாங்கிவந்தது. இத்தாலியில் உற்பத்தி நின்றபின் பிரிட்டனின் மாட் ரசிகர்கள் சிலர் லக்னோவில் செய்த லாம்பிரெட்டாவில் ஏறிப் போனார்கள் என்பது, நம் ஊர்த் தெருக்களில் அதே குடும்பத்து வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும்.

கடற்கரையில் நின்று பேசும் ஆக்கங்களுள் மிகச் சிறந்தது படமல்ல, ஒரு சமூகவியல் நூல். ஸ்டான்லி கோஹன் 1972-இல் வெளியிட்ட ‘ஃபோக் டெவில்ஸ் அண்ட் மாரல் பேனிக்ஸ்’ மாட் பற்றியது என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் மாட் பற்றிப் பத்திரிகைகளும் போலீசும் நீதிபதிகளும் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றியது. 1964 ஈஸ்டரில் கிளாக்டனில் நடந்ததை அவர் விவரிக்கும் விதம் ஒரு சிறுகதையைப் போல இருக்கிறது. எண்பது ஆண்டுகளில் இல்லாத குளிர், மழை, வியாபாரம் இல்லாமல் எரிச்சலில் இருந்த கடைக்காரர்கள், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அலைந்த பையன்கள். சில கண்ணாடிகள் உடைந்தன, சில கடற்கரைக் குடில்கள் சேதமாயின, ஒருவன் ஓட்டப்பந்தயத்துக்குப் பயன்படுத்தும் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டான். மறுநாள் செய்தித்தாள்களில் அது ஓர் ஊரின் மீதான படையெடுப்பாகிவிட்டது. ஒரு படகு கவிழ்ந்தால் ‘படகுகள் கவிழ்க்கப்பட்டன’ என்று பன்மையில் எழுதுவது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கோஹன் வரிவரியாகப் பிரித்துக் காட்டுகிறார்.

அந்நூலில் என்னால் மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. மார்கேட் நீதிமன்றத்தில் 75 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்ட ஒரு பையன், காசோலையாகத் தந்துவிடுகிறேன் என்றான். இந்தத் தலைமுறை பணத்தில் புரள்கிறது, அபராதம் இவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல என்பதற்குச் சான்றாக அந்த ஒரு வாக்கியம் பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. அந்தப் பையனுக்கு வங்கிக் கணக்கே கிடையாது; வாழ்நாளில் ஒரு காசோலையிலும் கையெழுத்திட்டதில்லை. நீதிபதியின் முன் கெத்தாக நிற்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன சொல் அது. இதழியல் படிக்கும் மாணவர் எவராக இருந்தாலும், இங்கே சொல்லும் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டுக் கோஹனிடம் போகலாம் என்பேன்; மறுபதிப்புகள் வந்துகொண்டிருப்பதால் நூல் கிடைப்பதிலும் சிரமமில்லை. ஆனால் மாட் என்றால் என்ன என்று கேட்டு வருபவருக்கு இது ஏமாற்றமே தரும். உடையும் இசையும் கோஹனுக்குப் பொருளல்ல. அந்த இளைஞர்களைச் சமூகம் எந்தக் கண்ணாடியில் பார்த்தது என்பதே பொருள். தம் எல்லையை அறிந்தே அவர் அப்படி எழுதினார் என்பதால் அதை அவர் குறையாகச் சொல்ல மாட்டேன்.

டிக் ஹெப்டிஜின் ‘சப்கல்ச்சர்’ 1979-இல் வந்த மெல்லிய நூல். கோட்டு சூட்டு, ஸ்கூட்டர், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை, உலோகச் சீப்பு என்று ஊரார் சாதாரணமாகப் பயன்படுத்தும் பொருட்களை மாட் இளைஞர்கள் எடுத்து வேறு பொருள் தரும்படி அடுக்கினார்கள் என்ற அவருடைய வாதம் கூர்மையானது. ரோலான் பார்த், அந்தோனியோ கிராம்ஷி போன்ற கோட்பாட்டாளர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருவதால், கோட்பாட்டு நடையில் பழக்கமில்லாதவர் இருபதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். ஹெப்டிஜ் சார்ந்திருந்த அதே பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வு வட்டத்திலிருந்து 1976-இல் ஆஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் எழுதிய கட்டுரை ஒன்று, இந்த ஆய்வுகளிலெல்லாம் பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்டது. அந்தக் கேள்வி ‘குவாட்ரோஃபீனியா’வுக்கும் பொருந்தும்: அதில் ஸ்டெஃப் என்ற பெண் ஜிம்மி எதை இழந்தான் என்று காட்டுவதற்காக இருக்கிறாளே தவிர, அவளுக்கு மாட் என்பது என்னவாக இருந்தது என்று படம் ஒரு கணமும் கேட்பதில்லை. கேத்தி மெக்கோவன் என்ற இளம்பெண் ‘ரெடி ஸ்டெடி கோ’வைத் தொகுத்து வழங்கி, நாடெங்கும் பெண்களின் தலைவாரலையே மாற்றிய காலம் அது.

இனித் தையற்கடைப் பக்கம் வருவோம். காலத்தால் முந்தியது கொலின் மெக்கின்னஸின் ‘அப்சலூட் பிகினர்ஸ்’ நாவல். 1959-இல் அது வெளியானபோது மாட் என்ற சுருக்கம் பிறந்திருக்கவில்லை. ஆசிரியரின் வயது நாற்பத்தைந்து. பெயரில்லாத கதைசொல்லி ஒரு பதின்வயதுப் புகைப்படக்காரன். அவனுடைய நண்பர்களான இரு ஜாஸ் ரசிகர்களை அருகருகே நிறுத்தி அவர்களின் உடையை ஆசிரியர் தலையிலிருந்து கால்வரை பட்டியலிடும் பகுதிக்காகவே இந்த நாவலை வாங்கலாம். பழைய ஜாஸ் ரசிகனின் அழுக்குக் கழுத்துப்பட்டியையும் சீவாத தலையையும் சொன்னபின், நவீன ஜாஸ் ரசிகனான டீன் ஸ்விஃப்ட்டிடம் வருகிறார்: கோடிட்டதுபோல் வகிடெடுத்த குட்டை முடி, வட்டக் காலர் வைத்த இத்தாலியச் சட்டை, மூன்று பொத்தானும் இரண்டு சிறு பின்பிளவும் கொண்ட குட்டைக் கோட்டு, மடிப்பு வைக்காத ஒடுங்கிய கால்சட்டை, அதன் பாட்டம் மிஞ்சிப்போனால் 17 அங்குலம். நம் ஊர்த் தையற்கடைகளில் கட்டிங் மாஸ்டர் ‘பாட்டம் எவ்வளவு வைக்கட்டும்’ என்று கேட்பாரே, அந்தக் கேள்விக்கு ஒரு வாழ்க்கைமுறை முழுவதையும் பதிலாக வைத்திருந்தவர்கள் இவர்கள் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே விளங்கிவிடும்.

நாவல் 1958-இன் கோடை மாதங்களில் நடக்கிறது. முடிவில் நாட்டிங் ஹில்லில் மேற்கிந்தியர்களைக் குறிவைத்து வெள்ளையர் நடத்திய இனக்கலவரம் வருகிறது. ‘குவாட்ரோஃபீனியா’ ஓரத்தில் ஒதுக்கிய ஒன்று இங்கே நடுமையத்துக்கு வந்துவிடுகிறது. கறுப்பினத்தவரின் இசையை நெஞ்சில் வைத்திருப்பவன், அவர்கள் வீட்டுக் கண்ணாடி உடையும்போது என்ன செய்யப் போகிறான் என்ற கேள்வியை மாட் தோன்றிய கணத்திலேயே ஒரு நாவலாசிரியர் கேட்டுவிட்டார். குறையும் சொல்ல வேண்டும்: மெக்கின்னஸ் தாமாகவே புனைந்த பதின்வயதுக் கொச்சை மொழியில் நாவல் முழுவதையும் எழுதியிருக்கிறார், ஆங்கில நாவல்களைச் சரளமாகப் படிப்பவரும் முதல் முப்பது பக்கங்களில் தடுமாறுவார். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இளைஞரின் குரலில் பேசும் செயற்கைத்தன்மையும் சில இடங்களில் தட்டுப்படுகிறது.

இந்நாவலை ஜூலியன் டெம்பிள் 1986-இல் ஆடல் பாடல் நிறைந்த படமாக்கினார். டேவிட் போவி பிரம்மாண்டமான தட்டச்சுப் பொறியின் மேல் ஆடுகிறார். கின்க்ஸ் குழுவின் ரே டேவிஸ் கதாநாயகனின் தந்தையாக வருகிறார். போவியின் பாட்டு வெற்றி பெற்றது, படம் வசூலில் விழுந்தது. வெட்டும் துணியும் கச்சிதமாக இருக்க வேண்டிய கதையில் எல்லாமே மிகையாக மின்னுகிறது. நாவலுக்குப் பதிலாக இப்படத்தைப் பார்க்கலாமா என்று கேட்பவருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். நாவலைப் படித்தவர் சோஹோவின் இரவைக் காட்டும் தொடக்கக் காட்சிக்காக ஒருமுறை பார்க்கலாம்.

நிக் கோனின் ‘டுடே தேர் ஆர் நோ ஜென்டில்மென்’ 1971-இல் வந்தது. மேலே சொன்ன கோஹன் வேறு, இந்தக் கோன் வேறு. போருக்குப் பிந்தைய ஆங்கில ஆண்களின் உடை எப்படி மாறியது என்பதே நூலின் பொருள். மாட் அதில் ஒரு பகுதிதான். ஆனால் வியாபாரம் எப்படி நடந்தது என்பதை இவரைப் போல் சொன்னவர் இல்லை. உடற்பயிற்சியாளர்களுக்கும் அன்று மறைந்து வாழவேண்டியிருந்த தன்பாலீர்ப்பு ஆண்களுக்கும் இறுக்கமான வண்ண உடைகளை விற்ற ‘வின்ஸ்’ என்ற கடையில் வேலை பார்த்த கிளாஸ்கோ இளைஞர் ஜான் ஸ்டீஃபன், பின்னர் கார்னபி தெருவில் சொந்தக் கடை திறந்து, சில ஆண்டுகளுக்குள் அந்தத் தெருவையே ஏறக்குறைய தம் வசமாக்கிக்கொண்டார். மாட் ஆண்மையின் உடை எந்தக் கடையின் அலமாரியிலிருந்து வந்தது என்பதைக் கடற்கரைச் சண்டையை மட்டும் பார்த்தவர் ஊகிக்கவே முடியாது.

கோனின் நடை சுவையானது, சில சமயம் நம்பகத்தை மிஞ்சும் அளவுக்கு. 1976-இல் நியூயார்க்கின் டிஸ்கோ இளைஞர்களைப் பற்றி அவர் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். அதிலிருந்துதான் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படம் பிறந்தது. பல ஆண்டுகளுக்குப் பின், அந்தக் கட்டுரையின் நாயகன் கற்பனை என்றும், 1960-களில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் தமக்குத் தெரிந்த ஒரு மாட் இளைஞனைத்தான் புரூக்ளினுக்கு மாற்றிவிட்டேன் என்றும் கோனே ஒப்புக்கொண்டார். வாரமெல்லாம் பெயின்ட் கடையில் நின்றுவிட்டுச் சனிக்கிழமை இரவு சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்ளும் ஜான் டிரவோல்டாவை இதை அறிந்தபின் பார்த்தால், உலகில் அதிகம் பேர் பார்த்த மாட் படம் எது என்ற கேள்விக்கு வேறொரு பதில் கிடைக்கிறது. ஆய்வுக்கு மேற்கோள் காட்டுவோர் மட்டும் கோனின் கூற்றுகளை வேறொரு மூலத்தோடு ஒத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்பவருக்கு டாம் உல்ஃபின் ‘த நூன்டே அண்டர்கிரவுண்ட்’ கட்டுரை போதும். 1968-இல் அவருடைய தொகுப்பொன்றில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் டைல்ஸ் என்ற நிலவறை கிளப்புக்கு, அலுவலகக் கடைநிலைப் பையன்களும் கடைப் பெண்களும் மதிய உணவு இடைவேளையில் இறங்கிப் போய், இருட்டில் ஆடிவிட்டு மறுபடியும் வேலைக்கு ஏறிவருகிறார்கள். சாப்பாட்டு நேரத்தைச் சாப்பிடாமல் ஆட்டத்தில் செலவிடும் பதினைந்து வயதுப் பையனின் கோட்டு, அவனுடைய மேலதிகாரியின் கோட்டைவிட நன்றாகத் தைக்கப்பட்டிருக்கிறது. மாட் இளைஞர்கள் வேலைக்குப் போகாமல் சுற்றியவர்கள் அல்லர், வேலைக்குப் போய்க்கொண்டே தங்கள் மேலதிகாரிகளை உடையில் தோற்கடித்தவர்கள் என்பதை இக்கட்டுரை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

ரிச்சர்ட் பார்ன்ஸின் ‘மாட்ஸ்!’ நூலைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஈலிங் கலைக் கல்லூரிக் காலத்தில் த ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டோடு ஒரே அறையில் தங்கியவர், அந்தக் குழுவுக்கு அப்பெயரைச் சொன்னவர் என்று அறியப்படுபவர் பார்ன்ஸ். டவுன்ஷெண்டின் ஈல் பை பதிப்பகம் 1979-இல், ‘குவாட்ரோஃபீனியா’ படம் வெளிவந்த அதே ஆண்டில், இந்நூலை வெளியிட்டது. பார்ன்ஸின் கட்டுரையைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். பிரபலங்களைவிட, கிளப் வாசலிலும் தெருவோரத்திலும் ஸ்கூட்டரின் பக்கத்திலும் நிற்கும் பெயர் தெரியாத பையன்களும் பெண்களுமே அதிகம். கோட்டின் பின்பிளவு நீளமும் லேப்பல் எனப்படும் மார்பு மடிப்பின் அகலமும் வாரத்துக்கு வாரம் மாறியதை எத்தனை வாக்கியங்களில் எழுதினாலும் ஒரு கட்டத்தில் படிப்பவருக்குச் சலித்துவிடும். படமாகப் பார்க்கும்போது கண் தானாகவே அளக்கத் தொடங்கிவிடுகிறது. முன்மாதிரியாக நடந்துகொண்டவர்களை ‘ஃபேஸ்’ என்றும், அவர்களைப் பார்த்து ஒரு வாரம் பிந்தி உடுத்தியவர்களை ‘டிக்கெட்’ என்றும் அவர்களே பிரித்துச் சொன்னார்கள். இந்தப் படங்களில் யார் ஃபேஸ், யார் டிக்கெட் என்று ஊகிப்பதே ஒரு நல்ல பயிற்சி. இன்னொன்றும் கண்ணில் படும்: திரைப்படத்தில் எங்கும் நிறைந்திருந்த பார்க்கா இங்கே நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். ரிச்சர்ட் வெயிட் 2013-இல் எழுதிய பெருநூல், மாட் பாணியே பிந்தைய பிரிட்டிஷ் இளைஞர் பண்பாடு அனைத்துக்கும் வேர் என்று வாதிடுகிறது. தகவல் நிறைய உண்டு. ஆனால் வலையை அவ்வளவு அகலமாக வீசும்போது மாட் என்ற மீன் நழுவிவிடுகிறது. பாலோ ஹெவிட் தொகுத்த ‘த ஷார்ப்பர் வேர்ட்’ பலர் எழுதியவற்றிலிருந்து எடுத்த பகுதிகளின் தொகுப்பு. பார்ன்ஸின் நூல் பழம்பதிப்பாக மட்டுமே கிடைத்து விலை கட்டுப்படியாகாதவருக்கு நான் தயங்காமல் சொல்லும் மாற்று இதுதான். அந்தோனியோனியின் ‘ப்ளோ-அப்’ 1966-இல் வந்த பெரும் படமானாலும், அது மாட் உடையை விலைக்கு வாங்கிக்கொண்ட வசதி படைத்த லண்டனைப் பற்றியது. ‘பிரைட்டன் ராக்’ கதையை 1964-க்கு நகர்த்திய 2010-ஆம் ஆண்டுப் படத்தில் மாட் கூட்டம் வெறும் பின்னணித் திரைச்சீலை. த ஹூ குழுவின் மேலாளர்கள் இருவரைப் பற்றிய ‘லாம்பர்ட் அண்ட் ஸ்டாம்ப்’ என்ற 2014-ஆம் ஆண்டு ஆவணப்படம், மாட் கூட்டம் ஓர் இசைக்குழுவுக்கு எப்படிச் சந்தையாயிற்று என்பதை அறிய விரும்புவோருக்கு உகந்தது.

ஆகவே, ஒரு படமும் ஒரு நூலும்தான் என்றால், நூல் ‘மாட்ஸ்!’, படம் ‘குவாட்ரோஃபீனியா’, இந்த வரிசையிலேயே. இரண்டாவது நூலுக்கு இடமிருந்தால் மெக்கின்னஸ். படங்களில் மனம் ஒட்டாத, கதை மட்டுமே பிடிக்கும் வாசகருக்கு அதையே முதலாகக் கொடுக்கலாம். மூன்றாவதாகக் கோஹன். வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், பார்ன்ஸின் படங்களை இரண்டு மாலைகள் புரட்டியபின் ‘குவாட்ரோஃபீனியா’வை இரண்டாம் முறை பார்த்தபோது எனக்கு நேர்ந்த மாற்றம்தான். முதல் முறை ஸ்டிங் நடித்த ஏஸ் ஃபேஸ் எனக்குச் சண்டைக்காரனாகத் தெரிந்தான். இரண்டாம் முறை அவன் கோட்டு மட்டுமே கண்ணில் நின்றது. அதனால்தான், எல்லாரும் அண்ணாந்து பார்த்த அந்த ஏஸ் ஃபேஸ் பிரைட்டன் ஹோட்டலில் பெட்டி தூக்கும் பெல்பாயாகச் சீருடையில் வெளியே வரும் இடத்தில், ஜிம்மியின் முகம் ஏன் அப்படி உடைந்துபோகிறது என்பது சொல்லாமலே விளங்கியது. அவன் பார்த்தது ஓர் ஆளின் வேலையை அல்ல, அந்த உடலின் மேல் வேறு யாரோ அளவெடுத்து மாட்டிய உடையை.

பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. எழுத்துகள் ஓடும் தொடக்கக் காட்சியைத் தவறவிட்டுவிடாதீர்கள். மாலை வெளிச்சத்தில் குன்றின் விளிம்பிலிருந்து ஒருவன் நம்மை நோக்கி நடந்து வருகிறான். முடிவில் ஸ்கூட்டர் அந்தக் குன்றிலிருந்து பாய்ந்து நொறுங்கும்போது அவன் என்ன ஆனான் என்று பலர் இன்றும் விவாதிக்கிறார்கள். அவன் எந்தத் திசையில் நடந்தான் என்பதை இயக்குநர் முதல் நிமிடத்திலேயே காட்டிவிட்டார்.